பன்னிரண்டாவது பெயர்

என் பாசத்துக்கும் சிறிது பயத்துக்கும் உரிய கிறேஸ் அக்காவுக்கு,

இது எங்கள் தொலைக்கல்விப் பல்கலைக்கழகப் பிராந்திய வளாகத்தின் ஆண்டு மலருக்காக எழுதும் கடிதம். மலர்க்குழுவில் உங்கள் வகுப்பு வாசுகி இருக்கிறாள். "அன்ரியைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும் ஐயா" என்று உங்களைக் குறித்துச் சொன்னவள், நான் மறுக்க வாயெடுப்பதற்குள் எத்தனையாம் பக்கம் என்பதையும் சொல்லிவிட்டாள். ஆகவே இதை வேறு பலரும் வாசிப்பார்கள். நான் உங்களோடு மட்டும் கதைப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஒரு வரியும் ஓடாது.

ஒழுங்கு போடாமல் எழுதவும் எனக்குத் தெரியாது. காணிப் பதிவகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் அல்லவா? சொல்லப்போவதை முதலிலேயே இலக்கமிட்டுத் தருகிறேன். சிரிக்காதீர்கள்.

1. நீங்கள் போன பிறகு உங்கள் இரசாயனவியல் செய்முறை வகுப்பு நின்றுபோகப் பார்த்தது.
2. நான் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்ததால் அது நடந்தது.
3. ஆய்வுகூடத்தில் நான் ஒரு பொருளை உடைத்தேன். ஒன்றை மட்டுமே.
4. எங்கள் கோப்பாய்க் கிணற்றைப் பற்றி ஒரு கெட்ட செய்தி.
5. வாசுகியைப் பற்றி ஒரு நல்ல செய்தி.

முதலாவதில் தொடங்குகிறேன். மாரியில் நீங்கள் போனீர்கள். நான்காம் ஆண்டுப் பாடப் புத்தகங்கள் வந்து, அவற்றுக்குப் பழைய நாட்காட்டித் தாளில் உறை போட்டு வைத்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. இறுதி ஆராதனைக்கு வளாகத்திலிருந்து இருபது பேருக்கு மேல் வந்தார்கள். தாதிமார், ஆசிரியைகள், ஒரு தபாற்காரர், மகளை இடுப்பில் வைத்திருந்த ஒரு தாய். இத்தனை வகுப்புத் தோழர்கள் எழுபத்து நான்கு வயதில் வேறு யாருக்கு இருப்பார்கள்?

வளாக அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கும் குகன், பதிவை நீக்குவதற்கான படிவத்தை அன்றே என்னிடம் தந்து, அவசரமில்லை, ஆறுதலாக நிரப்பித் தரும்படி சொன்னார். நான் மூன்று பிரதிகள் எழுதினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, நீங்கள் இரவல் வாங்கிய இரண்டு நூல்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தவணை முடிய ஒரு நாள் இருந்தது. அலுவலக யன்னலுக்கு முன்னால் உங்கள் வகுப்பு முழுவதும் நின்றது. குகன் விளக்கிக்கொண்டிருந்தார். செய்முறை வகுப்பை யாழ்ப்பாணத்தில் நடத்துவதானால் குறைந்தது பன்னிரண்டு பேர் பதிந்திருக்கவேண்டும். அன்ரியோடு சரியாகப் பன்னிரண்டு. இப்போது பதினொன்று. குறைந்தால் எல்லோரும் கொழும்புத் தலைமை வளாகத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கி அதைச் செய்யவேண்டும். பதிவு முடிய இன்னும் ஆறு நாள்.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். வாசுகி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வாசுகி மயிலிட்டிக் கடற்கரைக்காரி. கணவர் கடலுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். ஒப்படைப் பயிற்சிகளை மீன் வாடியில் இருந்து எழுதி, வளாகப் பெட்டியில் போடக் கடைசி நாள் கடைசி பஸ்ஸில் வருகிறவள். அவளுக்குப் பட்டத்துக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு பாடம். பதிவுக் காலமும் அந்த ஆண்டோடு முடிகிறது. இனி நீடிக்கமாட்டார்கள்.

"பத்து நாள் நான் எங்கை போறது ஐயா" என்று என்னிடம்தான் சொன்னாள். ஏன் என்னிடம்? உங்களிடம் சொல்ல வந்தவள், நீங்கள் இல்லாததால் பக்கத்து முகத்திடம் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை நடுவே மடித்தேன். இடப்பக்கம் சேருவதற்கான காரணங்கள், வலப்பக்கம் சேராமல் இருப்பதற்கானவை. வலப்பக்கத்தில் ஒன்பது விழுந்தன. வயது, கண், கை நடுக்கம், இளையவர்கள் சிரிப்பார்கள், கண்ணாடிச் சாமான் என்று போனது. இடப்பக்கத்தில் ஒன்றுதான். எண்ணிக்கை.

அப்போது நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், அடுப்படிப் பக்கமிருந்துதான் கேட்டது. பத்தொன்பது வயதில் எனக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், பெட்டியோடு கோண்டாவில் ஸ்ரேசன்வரை போய், ரயில் வந்து நின்று போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் உங்களுக்கு மட்டும் தெரியும். அப்பாவிடம் ரயில் தவறிவிட்டது என்றேன். நீங்கள் அதை ஒரு நாளும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் இந்த வளாகத்தில் சேர்ந்த அன்று, பதிவு அட்டையை என் மூக்குக்கு முன்னால் ஆட்டிச் சொன்னீர்கள்:

"அண்டைக்கு வளாகம் தூரம் எண்டு சொன்னனி. இப்ப அது உன்ரை சைக்கிள் போற தூரத்துக்கு வந்திட்டுது. இனி என்ன சாட்டுச் சொல்லப்போறாய் தம்பி?"

வயது போய்விட்டது என்றேன். என்னைவிட மூன்று வயது மூத்த ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

வியாழக்கிழமை போனேன். குகன் யாருக்குப் படிவம் என்று கேட்டார். எனக்கு என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். பட்டத்துக்கு அல்ல, தனிப் பாடமாக ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்று கைநூலில் படித்திருந்தேன். தகுதிக்காக மிஷன் பள்ளிக்கூடத்து உயர்தரச் சான்றிதழைக் கொண்டுபோயிருந்தேன். அதை அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

"உது நூதனசாலையிலை பழம்பொருளாய் வைக்கவேண்டிய சாமானல்லோ ஐயா" என்றவர், பிறகு குரலைத் தாழ்த்தி, "எண்ணிக்கைக்குத்தானே?" என்று கேட்டார்.

"ஓம். எண்ணிக்கைக்குத்தான்."

"எண்டாலும் ஆறு சனிக்கிழமையும் வரவேணும். கடைசியிலை சோதனையும் எடுக்கவேணும். வராட்டிப் பேரை வெட்டிப்போடுவினம்."

நான் தலையாட்டினேன். கையொப்பம் இட்டபோது 'ர'வின் கால் கோணிவிட்டது. புதுப் படிவம் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. இதையே ஒரு முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. வகுப்பு இங்கேயே. குகன் அதை அறிவித்தற் பலகையில் குத்தினார். வாசுகி எனக்குத் தொலைபேசி எடுத்து, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "கருவாடு கொண்டுவாறன்" என்று வைத்துவிட்டாள். கொண்டும் வந்தாள். பாதி இன்னும் இருக்கிறது.

மூன்றாவது, ஆய்வுகூடம். முதல் சனிக்கிழமை ஒன்பது மணி வகுப்புக்கு எட்டு மணிக்கே போனேன். வெள்ளை மேலங்கி கட்டாயம் என்றார்கள். புதிது தைப்பிக்க நாள் போதவில்லை. உங்களுடையது கதவுக்குப் பின்னால் தொங்கியது. கை எனக்கு அரை முழம் குட்டை. ஆஸ்பத்திரியில் வேலை செய்த பழக்கத்தில் சட்டைப் பைக்கு மேல் சிவப்பு நூலால் பெயர் தைத்திருந்தீர்கள் அல்லவா? அதை நான் கவனிக்கவில்லை. மற்றவர்கள் கவனித்தார்கள். பத்தரை மணிக்குள் நான் 'கிறேஸ் அங்கிள்' ஆகிவிட்டேன். இன்றுவரை அந்தப் பெயர்தான். நீர்த்தொட்டிக்குப் பக்கத்து இருக்கையும் உங்களுடையதுதான். அதை எனக்கு ஒருவரும் ஒதுக்கித் தரவில்லை. நான் போய் இருந்தேன், அவர்கள் விட்டுவிட்டார்கள்.

வகுப்பை நடத்தியவர் நிலானி. இதே வளாகத்தில் படித்து இங்கேயே செய்முறை ஆசிரியையாக வந்தவர். நான் எதைத் தொடுவதற்கும் அவரிடம் அனுமதி கேட்டேன். துளித் துளியாக விடும் அளவிக் குழாயின் திருகைத் திறக்கலாமா என்று மூன்றாம் முறை கேட்டபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்கிள், துளியைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. அது உங்களைப் பாத்துப் பயப்பிடேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் ஒரு குழாயி கையிலிருந்து நழுவி உடைந்தது. கண்ணாடிக் குழாய், திரவத்தை உறிஞ்சி அளந்து எடுப்பது. அதோடு எழும்பி வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே கால்கள். அதற்குள் வாசுகி தும்புத்தடியோடு வந்து கூட்டத் தொடங்கினாள். அன்ரி முதல் நாள் இரண்டு உடைச்சவ, நீங்கள் இன்னும் ஒண்டு பின்னுக்கு நிக்கிறியள் என்றாள்.

உண்மையா அக்கா? என்னிடம் நீங்கள் ஒன்றும் உடைக்கவில்லை என்றல்லவா சொன்னீர்கள்?

போகவில்லை. இருந்தேன். ஒரு விடயத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லவேண்டும். எனக்கு இந்த வேலை வருகிறது. துளி விட்டு அளக்கும் ஒரு நியமிப்பை மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிக்க எனக்கு அரை மணி செல்லும். ஆனால் என் மூன்று அளவீடுகளும் ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கும். நாலாம் சனிக்கிழமை அளவில், சந்தேகம் வந்தால் "கிறேஸ் அங்கிளின்ரை கொப்பியைப் பார்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் என்னை மெதுவானவன் என்றுதான் சொன்னார்கள். மெதுவாகச் செய்வதற்காகவே ஒரு வேலை இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நாலாவது, கிணறு. இதை எப்படிச் சொல்வது? ஐந்தாம் சனிக்கிழமை நீரின் வன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை, அளக்கும் செய்முறை. ஒவ்வொருவரும் அவரவர் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுவரவேண்டும். பன்னிரண்டு போத்தல்களும் மேசையில் வரிசையாக நின்றபோது அது ஆய்வுகூடமாக இருக்கவில்லை, தேர்தல் கூட்டமாக இருந்தது. கரவெட்டியிலிருந்து வரும் சிறீ, தோட்டமும் பார்த்துக்கொண்டு படிக்கிறவர், தங்கள் கிணற்றுத் தண்ணீர் இளநீரை வெட்கப்படுத்தும் என்றார். வாசுகியின் போத்தலைப் பார்த்து, கடல் தண்ணியை மொண்டு வந்து எங்களைப் பேக்காட்டாதை என்றார். அது போரால் வெளியேறி, முப்பது வருடம் கழித்து அவர்கள் திரும்பிப் போன காணியின் கிணறு. குப்பை அள்ளி, இறைத்து, ஊற்றுக் கண் திறந்ததை வாசுகி பிள்ளைப்பேறு போல விவரிப்பாள்.

"பாப்பம்" என்றாள் அவள். "உம்மடை தண்ணி தோத்தால் எனக்கு ஒரு சாக்கு வெங்காயம் தரவேணும்."

நான் எங்கள் போத்தலை வரிசையில் நேராக்கி வைத்தேன். பந்தயம் கட்டவேண்டிய அவசியமில்லை என்று நினைத்தேன். எங்கள் கிணற்றைப் பற்றி நீங்கள் அந்த வகுப்புக்கு ஏற்கெனவே போதிய அளவு சொல்லிவைத்திருந்தீர்கள். கோப்பாய்த் தண்ணீரில் போட்ட தேநீர்தான் தேநீர் என்று பிளாஸ்க்கில் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தவர் அல்லவா?

நிறத்தால் முடிவைக் காட்டும் காட்டியைச் சேர்த்ததும் தண்ணீர் திருவிருந்துக் கிண்ணத்துத் திராட்சை இரசத்தின் சிவப்பாக வரும். அளவியிலிருந்து துளித் துளியாக விடவேண்டும். வன்மை முழுவதும் எடுபட்டதும் ஒரே துளியில் நீலமாக மாறும். குறைந்த துளிகளிலேயே மாறினால் மென்னீர். சிறீயின் தண்ணீர் நடுத்தரமாக மாறியது. வாசுகியின் தண்ணீர் எல்லோருக்கும் முந்தி நீலமானது. போத்தலை எடுத்து மூடியை இறுக்கி, நிதானமாகத் தன் பைக்குள் வைத்தாள்.

என் தண்ணீர் சிவப்பாகவே நின்றது. விட்டேன், விட்டேன், நிற்கிறது. நிலானி வந்து பார்த்தார். சிறீ வந்து பார்த்தார். அளவி அடிமட்டத்துக்கு வந்து, மீண்டும் நிரப்பவேண்டி வந்தது. கடைசியில் நீலமானபோது வகுப்பே கைதட்டியது. பன்னிரண்டு கிணறுகளிலும் வன்மை கூடியது எங்களுடையது. உங்கள் மீதுள்ள விசுவாசத்தால் ஐந்து முறை செய்தேன் அக்கா. ஐந்தும் ஒன்றாகவே வந்தன.

"அப்ப அன்ரி இவ்வளவு நாளும் எங்களுக்குச் சுண்ணாம்பையோ கரைச்சுத் தந்தவ?" என்றார் சிறீ.

கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படையை எலும்புக்கு நல்லது என்று நீங்கள் சொல்லி வந்ததை நான் அங்கே சொல்லவில்லை. உங்கள் மானம் என் கையில் பத்திரமாக இருக்கிறது. இந்த மலரை வாசிப்பவர்களைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

ஐந்தாவது, வாசுகி. சோதனை நாளன்று அவளுக்கு முதல் அளவீடு பிழையாகிவிட்டது. நடுவே நிறுத்திவிட்டு என் பக்கம் பார்த்தாள். சோதனையில் கதைக்க முடியாது. நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. என் திருகை மிக மெதுவாகத் திறந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு மூச்சு எடுத்து, மறுபடி தொடங்கினாள். அது உதவி செய்ததாக ஆகுமா என்று இரண்டு நாள் மனம் அடித்துக்கொண்டது. என் திருகை நான் திறந்தேன், அவ்வளவுதான் என்று தீர்மானித்தேன்.

சோதனைப் பெறுபேறு வந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் சித்தியடைந்தோம். வாசுகி பட்டதாரி. பட்டமளிப்புக்குக் கணவரும் பிள்ளைகளுமாகக் கொழும்புக்குப் போகிறாள். மாமியாரைப் பார்க்க அவளுடைய அக்கா வந்து நிற்கப் போகிறார். சேலை நிறத்துக்கு என்னிடமும் யோசனை கேட்டாள். நீலம் என்றேன். ஏன் என்று அவளுக்கு விளங்கியது. என்னையும் வரச் சொன்னாள். ரயிலில்தான் போகிறார்கள், கோண்டாவிலில் ஏறலாமாம். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன் அக்கா. பயணச்சீட்டு எடுத்தாயிற்று.

பெறுபேறு வந்த மறுநாள் ஆய்வுகூடத்தில் ஒரு சிறு கொண்டாட்டம். கேக்கின் மேல் 12 என்று சீனிப்பாகில் எழுதியிருந்தது. எனக்காகவாம். வெட்டச் சொன்னார்கள். வாசுகி எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"ஐயா, நீங்கள் வராட்டி நான் இண்டைக்கு இதில நிண்டிருக்கமாட்டன்."

வெட்டிய துண்டைக் கையில் வைத்தபடி நின்றேன். ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

நான் முதலில் இலக்கமிட்டுத் தந்த குறிப்புகளில் இரண்டாவது பிழையானது.

முதல் சனிக்கிழமை எட்டு மணிக்கே போனேன் என்று சொன்னேன் அல்லவா? கதவு திறக்கும்வரை அறிவித்தற் பலகையின் முன்னால் நின்றேன். கொழும்புக் கடிதத்தை முழுவதும் படித்தேன். 'இன்றைய திகதியில் பதிவில் உள்ள பன்னிரண்டு மாணவர்களுக்கும்' வகுப்பு நடத்த அனுமதி என்று இருந்தது. திகதியைப் பார்த்தேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பதிந்தது அதற்குப் பிந்திய வியாழக்கிழமை. எத்தனையோ பேர் அந்தக் கடிதத்தைப் படித்துப் போனார்கள். திகதியைப் பார்க்கும் நோய் எனக்கு மட்டும்தான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, உங்கள் பத்திரங்களை வைத்திருந்த நீலக் கோப்பைத் திறந்தேன். உங்கள் பதிவை நீக்கும் படிவம் மூன்று பிரதிகளும் அப்படியே இருந்தன. பெயர், பதிவிலக்கம், பாடம், என் கையொப்பம் எல்லாம் நிரப்பியிருந்தேன். 'நீங்குவதற்கான காரணம்' என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. மூன்றிலும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடுத்துப் பார்ப்பேன், பேனையைத் திறப்பேன், மூடுவேன். முழுமையாக நிரப்பாத படிவத்தை நான் வாழ்க்கையில் ஒரு நாளும் எவரிடமும் கொடுத்ததில்லை. ஆகவே இதையும் கொடுக்கவில்லை. நான் நேரே கொழும்புக்கு அனுப்பிவிட்டதாகக் குகன் நினைத்தார். கொழும்பில் உங்கள் பெயர் இருந்தபடியே இருந்தது.

வகுப்பை நடத்த வைத்த பன்னிரண்டாவது பெயர் உங்களுடையது அக்கா. நான் பதின்மூன்று.

வகுப்பில் உண்மையாக இருந்தவர்கள் பன்னிரண்டு பேர்தான் என்பதால் விதி எதுவும் மீறப்படவில்லை. இதைப் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது அது இல்லை. எண்ணிக்கைக்காக மட்டும் போனவன் என்றால், என்னைத் தேவையில்லை என்று தெரிந்த அன்றே விலகியிருக்கவேண்டும். நான் விலகவில்லை. கோப்பைக் கட்டி அலுமாரிக்குள் வைத்தேன். உங்கள் மேலங்கியைத் தோய்த்து, காயவிட்டு, அழுத்தி மடித்தேன். அடுத்த சனிக்கிழமை ஏழரைக்கே போய் நின்றேன். ஒருவருக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

வாசுகி, நீ இதை அச்சுக்குக் கொடுக்கும்போது இந்தப் பகுதியை வெட்டாதே. உன்னை அங்கே நிற்க வைத்தது அன்ரிதான். கேக்கை அவவின் பெயரில் நான் சாப்பிட்டதாக இருக்கட்டும்.

அக்கா, திங்கட்கிழமை அந்தக் கட்டத்தில் 'காலமானார்' என்று எழுதிக் குகனிடம் கொடுப்பேன். மூன்று பிரதியும். பிறகு அதே யன்னலில் இன்னொரு படிவம் வாங்குவேன். பட்டத்துக்கான முழுப் பதிவு. என்ன காரணத்துக்காகச் சேருகிறீர்கள் என்று குகன் கேட்டால், இந்த முறை எண்ணிக்கை என்று சொல்லமாட்டேன். இது வாக்கு.

சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கும்,
உங்கள் தம்பி
ரட்ணம்